பயப்படாத ஒரு முகம்

சபாபதியின் கடை வந்ததும், செட்டிகள் குடியிருப்பான கம்போங் செட்டியின் பெண்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். மழை கொட்டினாலும் சரி, இடுப்பில் கூடை இருந்தாலும் சரி. அவர் கெட்டவர் அல்லர். கள் குடிக்க மாட்டார், வம்புக்குப் போக மாட்டார், யார் வீட்டுப் பெண்ணையும் ஏறிட்டுப் பார்த்ததாகப் பேச்சில்லை. படம் எடுப்பவர், அவ்வளவுதான். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய அந்த வருஷங்களில் மலாக்காவின் கஜா பேராங் பகுதியில் கேமரா வைத்திருந்த ஒரே ஆள்.

என் கடை அவருடையதை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவர் படம் எடுப்பார். இந்தப் பக்கம் நான், பக்கீர் முகைதீன், அதற்கு மரச்சட்டம் போடுவேன். பத்து வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தோம். இப்போது அவரைப் பற்றி ஊரில் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். பேய் பிடித்தவர் என்கிறான் ஒருவன். படத்துக்காகப் பெண்டாட்டியைக் காவு கொடுத்தவர் என்கிறாள் ஒருத்தி. பேசுகிறவர்களில் பாதிப் பேர் அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், அதில் என் பங்கையும் சேர்த்து.

சபாபதி நாய்க்கர் மலாக்காச் செட்டி. அது சாதி இல்லை, பழைய காலத்தில் கப்பலில் வந்து உள்ளூர்ப் பெண்களைக் கட்டித் தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். நெற்றியில் திருநீறு இருக்கும், வீட்டில் சாமி இருக்கும், ஆனால் வாயில் தமிழ் வராது. அவர்கள் வீட்டுப் பேச்சு ஒருவித மலாய். நடுநடுவே நாலைந்து தமிழ்ச் சொல் எட்டிப் பார்க்கும். என்னிடமும் அதிலேதான் பேசுவார், என்னை 'மாமாக்' என்பார், தமிழ் முஸ்லிம்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. அதனால் அவரும் அவர் வீட்டாரும் சொன்னதை எல்லாம் நான் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

ஊர் அவரைக் கண்டு ஒதுங்கியதற்குக் காரணம் அவரே சொன்ன ஒரு வாக்கியம். அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

செட்டிகள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறை பர்ச்சு நடக்கும். பொங்கலுக்கு முதல்நாள் போகியன்று ஒன்று, பழக் காலத்தில் ஒன்று. செத்துப்போன பெரியவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, வாழை இலையில் பரப்பி, சாம்பிராணி போட்டு, கொஞ்ச நேரம் தனியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பெரியவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவர்கள் இலை போடும் அழகைக் குறை சொல்ல மாட்டேன்.

சின்னப்பா என்ற கிழவர் படுக்கையில் விழுந்தபோது, அவருடைய மகன் சபாபதியைக் கூப்பிட்டு அப்பாவை ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தார். நான் கறுப்புச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். கிழவர் போய்ச் சேர்ந்து, போகி வந்தது. பர்ச்சு வைக்கும் இடத்தில் இலைக்கு மேலே அந்தப் படத்தை மாட்டினார்கள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அப்போது சபாபதி, கை வேலையின் பெருமையில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இனிமே ஒங்க வீட்டுப் பெரியவங்க முகத்தோட வருவாங்க."

வியாபாரத்துக்குச் சொன்னதுதான். நானும் தலையை ஆட்டினேன். எனக்கும் சட்டம் விற்க வேண்டுமே.

அந்த ஒரு வாக்கியம் கம்போங் முழுக்கப் பரவிவிட்டது. எல்லா வீட்டுக்கும் பெரியவர்கள் முகத்தோடு வேண்டியிருந்தது. ஆனால் படம் என்றால் செத்தவர்களுக்கு என்று ஆகிவிட்ட பிறகு, உயிரோடு திடமாக இருப்பவன் எவன் வந்து உட்காருவான்? கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளை பிறந்தால் கூப்பிட மாட்டார்கள். வைத்தியர் கையை விரித்த பிறகு கூப்பிடுவார்கள். சபாபதி கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்போங்குக்குள் நுழைந்தால், எந்த வீட்டுப் படியில் ஏறுகிறார் என்று ஊரே எட்டிப் பார்க்கும்.

"துக்காங் கம்பார் வந்துட்டார்," என்பார்கள், படம் செய்கிறவர் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் உள்ளே படுத்திருப்பவருக்குத் தன் நிலைமை தெரிந்துவிடும். அதுவரை வீட்டார் நல்லாயிடும் நல்லாயிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் அந்த நொடியில் பொய்யாகிவிடும். அந்த முகத்தைத்தான் அவர் படம் எடுக்க வேண்டும்.

படங்கள் என் மேசைக்கு வரும். நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாக் கண்ணும் ஒரே கண். அகலத் திறந்து, கேமராப் பெட்டியின் வாயையே பார்த்துக்கொண்டு. ஆணோ பெண்ணோ, கோயில் தர்மகர்த்தாவோ மாட்டுவண்டிக்காரரோ, வித்தியாசமே இல்லை. ஒரு நாள் எனக்கே பொறுக்காமல், வரிசையாக இருந்த நாலு படத்தையும் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சபாபதிக்கு அது தொழில் குறையாகத் தோன்றியது. "படம் சரியா வரல மாமாக். என்ன குறைன்னு சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பின்னால் தொங்கும் திரையை மாற்றச் சொன்னேன். அவர் வெள்ளைக்காரர் எழுதிய ஒரு புத்தகத்தை ஆள் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்தால் வருஷம் முழுக்கக் குளிர்ந்த வெளிச்சம் வரும் என்று போட்டிருந்ததாம். கூரையின் வடக்குச் சரிவைப் பிரித்துக் கண்ணாடி பதித்தார். புத்தகம் எழுதியவன் ஊரில் அது சரி. மலாக்காவில் ஜூன் மாதம் சூரியன் வடக்கே அல்லவா நிற்கிறது? உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது. இரண்டு மாதம் அந்தக் கண்ணாடிக்குச் சாக்குப் போட்டு மூடினோம். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒரு லென்ஸ் வரவழைத்தார். பித்தளைக் குழலுக்குள் கனத்த கண்ணாடி. அதை வாங்கிய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் அதையே துடைத்துக்கொண்டிருந்தார். லென்ஸ் நல்ல லென்ஸ்தான். முன்பு மங்கலாகத் தெரிந்த பயம் இப்போது இமைமுடி இமைமுடியாகத் தெரிந்தது.

அப்போதுதான் இராமலிங்கம் விஷயம் நடந்தது. முப்பது வயதுத் தச்சன். எனக்குச் சட்டத்துக்குப் பலகை இழைத்துக் கொடுப்பான். வாயில் எப்போதும் ஒரு பாட்டு, கையில் உளி. காய்ச்சல் என்று படுத்தான். ஐந்தாம் நாள் கொஞ்சம் தெளிந்து கஞ்சி குடித்தான். ஆனால் அவன் தாய்க்கு மனசு கேட்கவில்லை. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைக்கு முகம் இல்லாமல் போய்விடுமே என்று சபாபதிக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

இவர் போனார். கதவருகில் முக்காலியை விரித்தார். இராமலிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்து, "எனக்குமா?" என்று கேட்டானாம். அப்புறம் தாயிடம் நல்ல சட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னான். போட்டுக்கொண்டான், கையைக் கட்டிக்கொண்டான், படத்துக்கு இருந்தான். அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை. சட்டையைக் கழற்றவும் விடவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

"நான் கொன்னுட்டேன்," என்றார் சபாபதி. என் கடையில் மரத்தூள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சல் கொன்னுச்சு. நீங்க ஏன் இழுத்துப் போட்டுக்கிறீங்க?" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேன். எனக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை.

அன்றிலிருந்து அவர் படுக்கைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். அதற்கும் திட்டு வாங்கினார். எங்கள் அப்பா முகமில்லாமல் போனார், நீதான் காரணம் என்று ஒரு குடும்பம் கடை வாசலில் மண்ணை வாரி எறிந்தது. போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு. வெள்ளைக்காரத் துரைகள் யாராவது வந்தால் படம் எடுப்பார், மற்ற நாளெல்லாம் லென்ஸைத் துடைப்பார். ஆனால் ஒன்று மட்டும் அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடிக் கூரையும் சிங்கப்பூர் லென்ஸும் அவருக்கு வேண்டியதைக் கொடுக்கப் போவதில்லை. "என்னைக் கண்டு பயப்படாத ஒரு முகம் வேணும் மாமாக். ஒண்ணே ஒண்ணு," என்றார்.

அவர் மனைவி தெய்வானைக்கு அப்போது இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் மூன்று ஊசி குத்தி, நிமிர்ந்து நடப்பாள். பிள்ளை இல்லை. கடைக்கு வந்து அவருக்குச் சோறு கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு கிண்ணத்தில் சம்பல் வைத்துவிட்டுப் போவாள். ஊரில் அவளிடமும் பெண்கள் சரியாகப் பேசுவதில்லை. அவள் கையால் பலகாரம் கொடுத்தால் வாங்கிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் விடுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

1918ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு பகல், அவள் நல்ல கெபாயா உடுத்திக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் அங்கேதான் ஒரு படத்தை அளந்துகொண்டிருந்தேன்.

"என்னை எடுங்க," என்றாள் அவரிடம்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்."

"எனக்குக் காய்ச்சல் இல்ல, தலைவலி இல்ல. என்னை எடுத்து வாசல்ல மாட்டுங்க. நான் தினமும் அதுக்குக் கீழ நின்னு கூட்டுறேன். சாகாம இருக்கேன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்புறமாவது இந்த ஊரு நம்ம வீட்டுப் பலகாரத்தச் சாப்பிடும்."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"ஒங்ககிட்டயா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முழுதாகப் போவதற்குள் அவர் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார். நாலு எண்ணும் நேரம் அவள் அசையாமல் இருந்தாள். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. மறுநாள் படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் சும்மா சொல்லவில்லை, என் ஆயுசில் அப்படி ஒரு படத்துக்குச் சட்டம் போட்டதில்லை. பார்க்கிறவனைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தாள். சபாபதி அழுதார். இத்தனை வருஷம் நான் தேடினது இதுதான் மாமாக் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படத்தை வாசலில் மாட்டினோம். ஊர் ஒரு கெடு வைத்தது. போகி வரை பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் அவள் போய்விடுவாள், புருஷன் வீட்டுப் பர்ச்சிலேயே அந்தப் படம் ஏறும் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். என் மனைவி ஹஸீனா காதால் கேட்டுவந்து சொன்னாள். தெய்வானை ஒவ்வொரு காலையும் தன் படத்துக்குக் கீழே நின்று வாசலைக் கூட்டினாள். அவள் தும்மினால்கூடச் சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒருநாள் ஒருவனை ஆணியும் சுத்தியலுமாகத் துரத்தினேன்.

செப்டம்பர் போயிற்று. அக்டோபரில் அந்தக் காய்ச்சல் வந்தது.

கப்பலில் வந்தது என்றார்கள். முதலில் கடலோரத்து உஜோங் பாசிரில் மீன்காரர்கள் வீட்டில் விழுந்தது, பிறகு டவுனுக்குள். காலையில் கடை திறந்தவன் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுப்பான், நாலாம் நாள் முகம் நீலம் பாரித்துச் செத்துப்போவான். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயில் மணி ஒரு பக்கம், எங்கள் பள்ளிவாசலில் இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகை ஒரு பக்கம். கம்போங் செட்டியில் இரண்டு வாரத்தில் ஒன்பது பேர். சின்ன இடம், ஒன்பது என்றால் வீட்டுக்கு வீடு ஒப்பாரி.

தெய்வானை வீட்டுக்கு இடப்பக்கத்தில் ஒரு சாவு, வலப்பக்கத்தில் ஒரு சாவு. அவள் ஒரு இருமல்கூட இருமவில்லை.

ஊர் அதைக் கவனித்தது. ஊருக்கு எப்போதும் கவனம் அதிகம், புத்திதான் மட்டு. செத்த ஒன்பது பேரில் ஒருவரைக்கூடச் சபாபதி படம் எடுக்கவில்லை. படம் எடுத்தவள் வாசலைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்படியானால் என்ன அர்த்தம்? முதலில் வந்தவள் பொன்னம்மா என்ற விதவை. மூத்தவனைப் பறிகொடுத்துவிட்டு, இளைய மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"சிவகாமிய எடுங்க. ஒங்க பெண்டாட்டிய எடுத்த மாதிரியே எடுங்க. அதே நாற்காலி," என்றாள்.

சபாபதிக்குப் புரியவில்லை. புரிந்ததும், "படத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்ல அக்கா," என்றார். அவள் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் சிவகாமி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தாய் சொன்னதை நம்பி, இனி தனக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக உட்கார்ந்தாள். சபாபதி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். துணிக்குள் என்ன பார்த்தார் என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் பயமே இல்லை.

மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வாசலில் வரிசை நின்றது. எங்களைக் கண்டு சாலையைக் கடந்து போன அதே பெண்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். நம்பிக்கையோடு சிரித்தார்கள். சிலர் இருமினார்கள்.

சபாபதி என்னிடம் வந்து கேட்டார். "சொல்லிடலாமா மாமாக்? இது பொய்யின்னு சொல்லிடலாமா?"

"நீங்கதான் பொன்னம்மாகிட்ட சொன்னீங்களே. கேட்டாங்களா? தானா வர்றவங்கள எதுக்குத் தடுக்கிறீங்க?" என்றேன்.

இதுதான் என் பங்கு. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த தூணில் அரசாங்க ஆட்கள் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். கூட்டம் கூடாதீர்கள், மூடிய அறையில் நெருங்கி இருக்காதீர்கள் என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் போட்டிருந்தது. நான் படிக்கத் தெரிந்தவன். தினமும் அந்தத் தாளைத் தாண்டித்தான் கடைக்குள் போனேன். வேலை குவிந்து கிடந்தது, பத்து வருஷம் ஒதுக்கிவைத்த மனுஷனை ஊர் வரிசையில் நின்று பார்க்க வந்திருந்தது, அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், படிக்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

அவருடைய அறையில் ஒரு வேலை தெய்வானையுடையது. படத்துக்கு உட்காருகிறவர் தலை ஆடக்கூடாது. கழுத்துக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி உண்டு, அதில் தலையைப் பொருத்தி, தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட வேண்டும். சபாபதி கை தங்கள் மேல் படுவதை மட்டும் ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனையோ சாவுப் படுக்கையில் தாடை பிடித்த கை. அதனால் தெய்வானை பிடித்தாள். வந்த ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு சாண் தூரத்தில் நின்று, இரண்டு விரலால் தாடையைத் திருப்பி, "இப்படியே," என்று சொல்லிவிட்டு விலகுவாள். ஒரு நாளைக்கு இருபது முகம், முப்பது முகம். அவர்கள் விட்ட மூச்செல்லாம் அவள் மேல்தான்.

அந்த நாட்களில் எடுத்த படங்களைப் போல மலாக்காவில் யாரும் எடுத்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். சிரிக்கிற கிழவிகள். தம்பி தோளில் கை போட்ட அண்ணன்கள். ஒரு மாட்டுவண்டிக்காரர் பெட்டியைப் பார்த்துக் கண்ணடிக்கப் பார்த்து, பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தியது அப்படியே விழுந்திருந்தது. சபாபதி சாப்பிடுவதையே மறந்துவிட்டார். ராத்தூக்கம் இல்லை, கண் சிவந்து கிடந்தது, ஆனால் முகத்தில் ஒரு வெறி. 

சிவகாமிதான் முதலில் போனாள். படம் எடுத்த எட்டாம் நாள். அவள் படத்துக்கு நான் அப்போதுதான் சட்டம் போட்டு முடித்திருந்தேன், பசைகூடக் காயவில்லை. பொன்னம்மா அதை வாங்கிக்கொண்டு போக வந்தவள், படத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நல்லா இருக்கா பாருங்க," என்றாள். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

தெய்வானை அன்றைக்கே சொல்லிவிட்டாள். "அடைச்சிடுங்க. வாசல்ல நின்னு சொல்லுங்க, இதால ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போங்கன்னு. நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்."

"இன்னும் ரெண்டு பெட்டித் தட்டு இருக்கு," என்றார் சபாபதி. கண்ணாடித் தட்டைத்தான் சொன்னார், படம் விழுகிற கண்ணாடி. "அது முடிஞ்சதும் அடைச்சிடுறேன். இந்த மாதிரி முகம் எனக்கு மறுபடியும் கிடைக்காது தெய்வானை. ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த மனுஷன் என்ன தாகத்தில் இருந்தார் என்று. வாசலுக்குப் போய் நின்றாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து தாங்கிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்றுகொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் பலகைச் சுவரைத் தாண்டி வந்து கதவை இழுத்துச் சாத்தியிருக்கலாம்.

இரண்டு பெட்டித் தட்டு ஐந்து நாள் வந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் கடைசி ஆள் எழுந்து போனதும், தெய்வானை அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் வலிக்கிறது என்றாள். அவர் தட்டுகளைக் கழுவ உள்ளே போயிருந்தார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் சிவந்து, உதடு காய்ந்து இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் இடமில்லை. சபாபதி கடையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. நெற்றிக்கு ஈரத்துணி போட்டார், காலைப் பிடித்துவிட்டார், தன் கையாலேயே கஞ்சி காய்ச்சினார். அவளை அவர் நேசித்தார். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான் பார்த்தவன். ஊர் பேசுகிறபோது எனக்கு வருகிற கோபம் அதனால்தான்.

இரண்டாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "ஒண்ணு கேக்கிறேன். அந்தப் பெட்டிய இந்த வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதீங்க."

"சத்தியமா கொண்டு வர மாட்டேன்," என்றார்.

"கதவுப் பக்கம்கூட வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டேன். சாமி படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார் அவர். வெளியே கம்போங் அடங்கிக் கிடந்தது. அவருடைய படத்துக்கு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு வீடாக விழுந்துகொண்டிருந்தார்கள். எத்தனை பேர் என்று எண்ண எனக்குத் தெம்பில்லை. இனி அவர்களுக்கும் படத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் எல்லோரும், அவள் பிழைத்தால் நாமும் பிழைப்போம் என்ற மாதிரி, தெய்வானை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டனுப்பினார்கள்.

நாலாம் நாள் காலை ஹஸீனா கொடுத்தனுப்பிய வெந்நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். சபாபதி கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். மழை விட்ட காலை. சன்னல் துணி காற்றில் ஒதுங்கி, பக்கவாட்டில் வெளிச்சம் வந்து அவள் முகத்தில் விழுந்தது. மெலிந்து, எலும்பெல்லாம் தெரிய, கண் பெரிதாகிப் போயிருந்தாள். படக்கலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது நல்ல வெளிச்சம் என்று எனக்கே தெரிந்தது.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் பார்க்கிற பார்வை அல்ல அது. ஒரு கண்ணைச் சுருக்கி, நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து கழுத்துக்கு, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தான் அப்படிப் பார்ப்பது அவருக்கே தெரியாது என்று இன்றும் நம்புகிறேன்.

தெய்வானை கண்ணைத் திறந்து, அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"வெளிச்சம் போதுமா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டாளா, கேலியாகவா, இரக்கத்தோடா, எனக்குத் தெரியவில்லை. அவர் பதறி எழுந்திருக்கலாம். அழுதிருக்கலாம். வாயில் தொழில்தான் வந்தது. "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொன்னவர், தன் குரல் தன் காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டார்.

அவள் தலையணை மேல் முகத்தை அவர் சொன்ன பக்கம் திருப்பிக் கொடுத்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள். இரைத்த மூச்சையும் அடக்கிப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

கேமரா கடையில் பூட்டிக் கிடந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் அவள் போய்விட்டாள்.